மல்வேர்னில் பெரிய சில்லுகள்

மல்வேர்ன் அங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் சிலவேளை ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில் ஒரு பிக்கப் வண்டி நிற்கும். பெரிய சில்லு, அகன்ற ரயர். எம் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அழகுதான்! ஆனால் பழைய வண்டி வாங்கப் புறப்படும் நாம் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வேகமானி சில்லின் சுற்றைத்தான் எண்ணுகிறது. ரயரின் விட்டம் நூற்றுக்குப் பத்து கூடி, வேகமானியைத் திருத்தாமலும் விட்டால், நீல்சன் வீதியால் போய் 401 இல் ஏறியதும் முள் 100 காட்டும்போது நாம் ஓடுவது 110. அங்கே எல்லை 100. பொலிசுக்கு முள்ளைக் காட்டித் தப்ப முடியாது. ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும்; விற்பவர் காட்டும் கிலோமீற்றரை யோசித்தே நம்புங்கள்.

உயர்த்திய வண்டி சரியவும் இலகு. கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம் ருவின் றிவர்ஸ் வீதியின் வளைந்த இறக்கத்தில் இது விளங்கும். காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்காமல் செய்த மாற்றமென்றால் நட்டஈடும் மறுக்கப்படலாம்.

காசிருந்தால் பனிக்கால ரயர் நான்கும் வாங்குவோம். குளிர் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயர் இறுகத் தொடங்கும். ரயரில் மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளம் இருக்கவேண்டும். கியூபெக்கில் 2008 முதல் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். சில்லு மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பியுங்கள்.