பின்பெட்டியும் பேரொலியும்

ஓசைகளுள் செவியைத் தேடி வருவன பல. நெஞ்சுக்கூட்டைத் தேடி வருவன சில. உருமியின் உறுமல், கோயில் முரசின் அதிர்வு, தொலைவில் உருளும் இடி ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவ்வகையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மாலை நேரத்தில் தாமான் வீதியில் ஒரு பழைய கார் திரும்பும்போது, அது கண்ணில் படுமுன்பே வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்குகிறது. 'சப்வூஃபர்' என்னும் அடித்தொனி ஒலிபெருக்கியின் வேலை அது. பெரியவர்கள் முகஞ்சுளிக்கின்றனர், 'படிக்காத பிள்ளைகள்' என்று ஒரே வரியில் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்பில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, அந்தக் காரின் பின்பெட்டியைத் திறந்து பாராதவர் வழங்குவது.

பின்பெட்டி, அதாவது இந்நாட்டுப் பேச்சு வழக்கில் 'பூட்', பொருள் ஏற்றும் இடம். அதனையே ஒலிபெருக்கியின் கூடாக ஆக்கிவிடும் முறை ஒன்று உண்டு. இம்முறையில் தனியாகப் பெட்டி செய்து உள்ளே வைப்பதில்லை. பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு கனத்த பலகையை நிறுத்தி, அதில் ஒலிபெருக்கியைப் பொருத்துகின்றனர். அதன் முகம் பயணிகளை நோக்கும். முதுகு பின்பெட்டி முழுவதையும் தன் அறையாகக் கொள்ளும். பொறியியலார் இதனை 'எல்லையற்ற தடுப்பு' என்கின்றனர். பெயர் பெரிது, கருத்து எளிது.

வீணையின் குடத்தைப் போலப் பின்பெட்டியும் ஒலியைப் பெருக்கித் தருகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது எதிரிலுள்ள காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் முதுகுப்புறக் காற்று தளர்கிறது. ஆகவே ஒரே கூம்பிலிருந்து, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஒலிகள் புறப்படுகின்றன. 40 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீட்டர். அந்த அலைக்கு 12 அங்குலக் கூம்பு ஒரு பொருட்டே அன்று. முதுகுப்புற ஒலி விளிம்பைச் சுற்றி வந்து முன்புற ஒலியோடு கலந்து அதனை அழித்துவிடுகிறது. 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 8.5 சென்டிமீட்டர்தான், அது அத்தனை எளிதில் வளைந்து வராது. கூடில்லாத சாதாரண ஒலிபெருக்கியில் பாடகரின் குரல் கேட்பதும், முழவு கேளாமற்போவதும் இதனாலேயே. இரண்டு ஒலிகளையும் சந்திக்கவிடாமல் பிரித்து நிறுத்துவதே பின்பெட்டியின் பணி.

பலகையில் கூம்பைப் பொருத்தும் எண்ணம் புதியதன்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலார் வெளியிட்ட கட்டுரை இன்றைய ஒலிபெருக்கிக்குத் தோற்றுவாய் எனலாம். ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961இல் தொடங்கிவைத்து, ஸ்மால் என்பவர் 1970களில் விரிவாக்கிய கணக்குகள், எந்தக் கூம்புக்கு எவ்வளவு காற்றறை வேண்டும் என்பதை எண்ணால் சொல்லவைத்தன. ஒலிபெருக்கி விற்கும் சீனர் கடையில் இன்றும் அட்டைப்பெட்டியோடு வரும் சிறு தாளில் அவர்களுடைய எண்களே அச்சாகியிருக்கின்றன. வாங்குவோர் பெரும்பாலும் அத்தாளை எறிந்துவிடுகின்றனர்.

கிள்ளானுக்கு அருகே ஒரு தாமானில் வாழும் இளைஞன் ஒருவன் எறியவில்லை. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் அவன் பெற்ற மதிப்பெண்களை இங்கே நினைவுகூர வேண்டியதில்லை. டயர் கடையில் வேலை. கையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா. முதல் முயற்சியில் மெல்லிய ஒட்டுப்பலகையில் கூம்பைத் திருகி, இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். அடித்தொனி எழவில்லை. இன்னும் பெரிய ஆம்பிளிஃபயர் வாங்கு என்றனர் நண்பர்கள். வாங்கப் பணமில்லை. பணம் இருந்திருந்தால் அவன் வாங்கியிருப்பான்; காரணத்தைத் தேடியிருக்கமாட்டான்.

அவன் கண்ட சோதனை முறை பள்ளிக்கூடத்தில் செய்து காட்டத் தக்கது. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எரியும் கைவிளக்கு ஒன்றைப் பின்பெட்டிக்குள் வைத்து மூடினான். பிறகு முன்னிருக்கையில் அமர்ந்து பின்னே திரும்பிப் பார்த்தான். பலகையின் ஓரம், கம்பி நுழையும் துளை, பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டின் சிறு ஓட்டைகள் எனப் பதினோர் இடங்களில் வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் வரும் வழியெல்லாம் ஒலியும் வரும் அன்றோ! மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஓட்டைகளோடு கழிந்தன. மெல்லிய பலகைக்குப் பதில் 18 மில்லிமீட்டர்ப் பலகை வந்தது. ஓரங்களில் நுரைப்பட்டையும் சிலிக்கோனும் ஏறின. நான்காம் ஞாயிறு இரவு, பின்னே திரும்பினால் இருட்டு மட்டுமே இருந்தது.

மறுநாள் பாடவைத்தபோது இசை சரியாக இருந்தது. காரின் எண்பலகைதான் கடகடத்தது. அதன் பின்னே ரப்பர்த் துண்டு ஒட்டினான். அண்டை வீட்டார் 'சத்தம்' என்று ஏசுவதில் பெரும்பகுதி இத்தகைய தகர நடுக்கமே என்பது அவன் கருத்து. அது முழுவதும் ஏற்கத்தக்கதன்று. அடித்தொனி சுவரையும் கடந்து போகும். மின்கம்பி வகையிலோ அவனைக் குறை சொல்ல இயலாது. மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைத்தான். இதனை மறந்து, கம்பி உரசித் தீப்பற்றினால், இசையும் இல்லை, காரும் இல்லை.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்று வில்லைப்போல் கூம்பைப் பிடித்து நிறுத்தும். 300, 400 லிட்டர் கொண்ட பின்பெட்டியில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆதலால் மின்திறனை மிகுதியாகக் கொடுத்தால் கூம்பு வரம்பு மீறி ஓடிக் கிழியும். கன்சில் கார் வைத்திருந்த நண்பன் தனக்கும் இவ்வாறே செய்து தரக் கேட்டபோது அவன் மறுத்துவிட்டான். அக்காரில் பயணிகள் இடமும் பொருளிடமும் ஒரே கூடம். பிரிப்பதற்கு இரண்டு அறைகள் வேண்டுமே!

வீட்டில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. தந்தை செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர். 1989ஆம் ஆண்டின் ஒலி விதிகள் எட்டு மணி வேலைக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்தன. 2019ஆம் ஆண்டின் விதிகள் அதனை 85ஆகக் குறைத்தன. காதடைப்பானை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். இரைச்சல் செவியைத் தின்னும்போது முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. பேச்சில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்கியிருக்க, சகரம் போன்ற மெய்களைப் பிரித்தறியச் செய்யும் நுண்ணொலிகள் உயரத்தில் இருக்கின்றன. அவருக்கு உயிர் கேட்டது; மெய் நழுவியது. 'காசு' என்றால் 'காது' என்று கேட்டது. பேரப்பிள்ளைகள் சிரித்தனர்.

"இரைச்சல் தின்ன காது இது, தம்பி. உனக்கும் வேணுமா?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

மகன் விடை சொல்லவில்லை. "அப்பா, கொஞ்சம் உட்காருங்க" என்று காரின் கதவைத் திறந்தான். திருவிழாவில் பதிந்த உருமி மேளத்தை மிதமான அளவில் ஓடவிட்டான். காரின் உள்ளறை சிறியதாகையால் மிகத் தாழ்ந்த தொனிகள் அங்கு இயல்பாகவே வலுப்பெறுகின்றன. அதிக மின்திறன் தேவைப்படவில்லை. தந்தை சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை இருக்கையின் மீது விரித்து வைத்தார்.

"உருமி பேசுதுப்பா" என்றார். இரண்டாம் முறை அது ஓடி முடியும்வரை அவர் இறங்கவில்லை.

ஆயினும் கேள்வி அப்படியே நின்றது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரத்தைப் பாதுகாப்பான அளவாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் எஞ்சுவது 5 மணி நேரமே. இக்கணக்கைத் தெரிந்துகொண்டபின் அவன் ஒலியளவுக் குமிழில் வெள்ளை மையால் ஒரு கோடு கிழித்தான். சில மாதங்களில் தந்தையைப் பொது மருத்துவமனைக்குச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றான்.

பரிசோதித்த பெண்மணி ஒரு தாளை நீட்டினார். இடப்பக்கம் தாழ்ந்த தொனிகள், வலப்பக்கம் உயர்ந்த தொனிகள். கோடு இடப்பக்கத்தில் ஏறத்தாழச் சமமாக வந்து, 4000 என்னும் எண்ணுக்கு நேரே செங்குத்தாக இறங்கியிருந்தது. அவர் விளக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கிகளின் வளைகோடுகளைப் படிக்கத் தெரிந்த அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாளைக் கையில் வாங்கி, அந்தப் பள்ளத்தின் ஆழத்தை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான்.