நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு நான் செய்த தவறை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெரம்பலூரில். என் மாமியார் அரியலூர் பக்கம் ஒரு கிராமத்தில். "வீட்டையும் மாட்டையும் விட்டுட்டு நான் எங்க வர்றது?" என்பார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, டாக்டர் தினசரி மாத்திரைகளோடு இன்னொரு மாத்திரையும் எழுதியிருந்தார். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டுமாம். சீட்டை மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்ததோடு சரி. நான் அதைப் படிக்கவில்லை.

அன்று நான் ஊரில் இருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு, "அம்மாடி, நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றார் அத்தை. நான் பதறிப்போய் அந்த மாத்திரையையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் கொடுத்தேன். விழுங்கினார். கால் மணி நேரமாகியும் வலி குறையவில்லை, வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுத் தம்பிதான் 108-க்குப் போன் செய்தான். தெய்வாதீனமாக அத்தை பிழைத்தார்.

மறுநாள் காலை பெண் டாக்டர் கேட்டார்: "மாத்திரை கொடுத்தீங்களா?"

"வெந்நீரோட கொடுத்தேன் டாக்டர்."

"முழுங்க வெச்சீங்களா? அடடா!" என்றவர், பொறுமையாக விளக்கினார். விழுங்கும் மாத்திரை வயிறு, குடல் என்று போய், ரத்தத்தில் கலந்ததும் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. இந்த மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் உள்ள தோலோ மெல்லிசு. அதை ஒட்டி ஏகப்பட்ட நுண்ணிய ரத்தக் குழாய்கள். அங்கே கரையும் மருந்து கழுத்து ரத்தக் குழாய் வழியாக நேரே இதயத்துக்குப் போய்ச் சேரும். சில நிமிஷத்தில் குழாய்கள் தளர்ந்து வலி குறையும்.

"வெத்தலை போடுவீங்களே பாட்டி, பாக்கோட கிறுகிறுப்பு முழுங்கினப்புறமா வருது? சுண்ணாம்பு சேர்ந்ததும் பாக்கோட சத்து கன்னத்துத் தோல் வழியாவே ஏறுதில்ல, அதே வழிதான் இதுவும். ஆனா பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டு வரும், விட்டுடுங்க" என்றார்.

இந்த வகை மருந்துகளுக்கு மூத்தது நைட்ரோகிளிசரின். டைனமைட்டில் சேரும் அதே சரக்கு! 1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் முரல் அது நெஞ்சு வலிக்கு உதவுவதை எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்களாம். சுண்ணாம்புக்கல் குவாரி வெடிச் சத்தம் கேட்டே வாழ்ந்த அத்தை, "பாறையைப் பொளக்குறதா என் நெஞ்சுக்கு?" என்று சிரித்தார்.

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வலி வந்தால் முதலில் உட்கார வையுங்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிக் கொப்பளிக்கட்டும். வாய் வறண்டிருந்தால் ஒரு வாய் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிறகு மாத்திரையை வைக்கலாம். மெல்லவோ விழுங்கவோ கூடாது. ஐந்து நிமிஷத்தில் வலி அடங்காவிட்டால் உடனே 108. மாத்திரை வலியைத்தான் தணிக்கும், அடைப்பை நீக்காது.

யாருக்கு எழுதிக் கொடுத்தார்களோ அவருக்கு மட்டும்தான் இது. நெஞ்சு வலி என்றதும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் ஆபத்து. சில்டெனாபில் போன்ற மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கூடவே கூடாது. இதே வகையில் விழுங்கும் மாத்திரைகளும் உண்டு; உங்களிடம் இருப்பது எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

போன தை மாதம் அத்தைக்கு மறுபடி வலி வந்தது. தானே திண்ணையில் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாலு நிமிஷத்தில் வலி விட்டது. போனில், "தலைதான் விண்ணு விண்ணுன்னு வலிக்குதும்மா" என்றார்.

"மருந்து வேலை செய்யறப்போ அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்களே அத்தை. நான் வர்றேன், நாளைக்கு அவங்ககிட்ட காட்டிடலாம்" என்றேன்.

அந்தச் சீட்டு இப்போது பீரோவில் இல்லை. அத்தையின் கட்டில் தலைமாட்டில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.