தோபியாவின் நாய்க்கு இடம் உண்டா?

தோபித்து நூலை வாசிப்போருள் பலர் அதில் வரும் நாயைக் கவனிப்பதில்லை. நினிவேயில் பார்வையிழந்து கிடக்கும் தந்தை, அவர் கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர மேதியா நாட்டுக்குப் புறப்படும் மகன், வழித்துணையாக மனித உருவில் வரும் வானதூதர் இரபேல், ஆற்றில் பிடிபடும் மீன், அதன் பித்தப்பையால் தந்தைக்கு மீளும் பார்வை என்று கதை விரைகிறது. இவற்றினூடே, புறப்படும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் ஒரு நாய் தலைகாட்டுகிறது. அதற்குப் பெயரில்லை, அது காவல் காத்ததாகவோ, வழிகாட்டியதாகவோ செய்தியில்லை. எவரும் அதைக் கூப்பிடவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. உடன் போயிற்று, உடன் வந்தது, அவ்வளவே. எங்களுக்கு எப்போதும் ஒரு சிறு மனக்குறை உண்டு. கண் தெரிந்த இளைஞனோடு நாய் போய்விட்டதே, கண் தெரியாத கிழவருக்கு அந்நாள்களில் யார் துணை?

இன்று தோபியா அந்த நாயோடு சென்னை மீனம்பாக்கத்தில் வந்து நின்றால் அவனிடம் பல கேள்விகள் கேட்கப்படும். அவற்றுள் தலையாயது, "இது பணி நாயா, வளர்ப்பு நாயா?" என்பது. மற்ற விடைகளெல்லாம் அந்த ஒரு விடையைப் பொறுத்தே அமையும். இதை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. எங்கள் மூத்த தமக்கையாருக்காக, கடந்த சில மாதங்களாக அலைந்து அறிந்தோம்.

அக்காள் இடையஞ்சாவடியில் தனித்து வாழ்கிறார். அத்தான் மரக்காணம் உப்பளத்தில் கணக்கெழுதியவர். உப்பு வாரும் மாதங்களில் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். ஒருமுறை வீடு திரும்பியபோது, பாத்தி வரப்பில் தாயை இழந்து நின்ற குட்டி ஒன்றைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதுதான் மணி. நாட்டு நாய், செம்மண் நிறம். மறு ஆண்டே அத்தான் இறைவனடி சேர்ந்தார். அக்காளுக்கோ கண்நீர் அழுத்த நோய். நேரே இருப்பது தெரிகிறது. பக்கங்கள் இரண்டும் இருண்டுவிட்டன. இடப்புறம் இன்னும் மோசம். அந்த இடப்புறத்தில்தான் மணி நடக்கும். ஞாயிறு திருப்பலிக்குப் போகப் பேருந்து நிறுத்தம் வரை அப்படியே கூட வரும். மிதிவண்டி வந்தால் நின்றுவிடும். அது நின்றால் அக்காளும் நின்றுவிடுவார். இதை யாரும் அதற்குப் பழக்கவில்லை.

அக்காளின் ஒரே மகன் பாரிசு நகரின் புறத்தே வசிக்கிறான். 1962இல் புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தவன். தாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்று மூன்றாண்டுகளாகக் கேட்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அக்காளோ, "மணிய எங்க விட?" என்ற ஒரே கேள்வியால் அவன் வாயை அடைத்துவந்தார். கடைசியில் அவன், "மணியும் வரட்டும், அம்மா" என்றான். சொல்வது எளிது! விதிகளைத் தேடும் பொறுப்பு, உடன்பிறந்த எங்கள் மூவர் தலையில் விழுந்தது.

விலங்குகளை விமானத்தில் ஏற்றுவது பற்றி நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 1985லேயே ஒரு சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. உடல்நலச் சான்றும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் வேண்டும்; ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். ஆகவே நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுகிறது. ஏர் இந்தியா நெடுங்காலமாகவே சிறு நாய், பூனை, பறவைகளை ஏற்கிறது. ஆயினும் விமானத் தலைவரின் இசைவு வேண்டும். 2022 நவம்பரில் ஆகாசா ஏர், கூட்டோடு சேர்த்து 7 கிலோ வரை பயணியர் அறையிலேயே எடுத்துச் செல்லலாம் என்றது; பின்னர் அந்த எல்லையை உயர்த்தியது. இண்டிகோ வளர்ப்பு விலங்குகளை ஏற்பதில்லை, பணி நாய்க்கு மட்டும் விலக்கு. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றில் பயணியர் அறைக்கு எல்லை 8 கிலோ. உரக்கடைத் தராசில் மணியை நிறுத்தோம்: 16 கிலோ. கூடு தனி.

எடை கணக்கில் வராமல் நாயைக் காலடியில் வைத்துக்கொள்ள ஒரு வழிதான் உண்டு, அது பணி நாயாக இருப்பது. கண் தெரியாதோர்க்கு நாயைப் பழக்கும் பள்ளி முதன்முதல் செருமனியில் 1916இல், போரில் பார்வையிழந்த வீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1928இல் மோரிசு பிராங்கு என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, படி என்ற பெண் நாயோடு பழகித் திரும்பினார். மறு ஆண்டு அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவாயிற்று. உணவகத்திலும் இரயிலிலும் அந்த நாய்க்கு இடம் கேட்டு அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இன்று விமானத்தில் பணி நாய்க்குக் கட்டணமின்றி இடம் தரும் விதிகள் அத்தகையோர் போராடிப் பெற்றவை. நம் நாட்டு விமான விதியிலும் மாற்றுத்திறனாளியின் வழிகாட்டி நாய்க்கு அந்த உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியும் அதையே சொல்கிறது. ஆனால் அதில் 'அங்கீகரிக்கப்பட்ட' உதவி நாய் என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டது.

அங்கீகரிப்பது யார்? ஐரோப்பாவில் அதற்குப் பள்ளிகள் உண்டு, அட்டை உண்டு. நம் நாட்டில் நாயைப் பழக்கி, உரியவரோடு இணைத்து, சான்றும் தரும் நிறுவனங்களைக் காண்பது மிக அரிது. பார்வையற்றோர் எத்தனையோ இலட்சம் பேர் வெண்கோலையும் உறவினர் தோளையும் நம்பியே நடக்கும் நாடு இது. விதியில் உரிமை இருக்கிறது; அதை அடையும் படிக்கட்டு கட்டப்படவில்லை. இதை நாங்கள் குறையாகவே கருதுகிறோம்.

இந்த இடத்தில்தான் முகவர் ஒருவர் எங்களுக்கு உதவ முன்வந்தார். பெயர் வேண்டாம். "அம்மாவுக்குத்தான் கண் சரியில்லையே, உதவி நாய்னு ஒரு சான்று வாங்கிடலாம், கழுத்துக்கு ஒரு பட்டையும் வரும்" என்று தொகையையும் சொன்னார். உண்மையைச் சொன்னால், எங்களுள் இருவருக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. மணி செய்வது பணி இல்லையா? இடப்புறம் நடக்கும் அந்த நடைக்கு வேறு என்ன பெயர்?

அக்காள் ஒப்பவில்லை. "அது எம் பக்கத்துல நடக்குது, அவ்வளவுதாம்பா. புது ஊர்ல, அந்த சனத்துல, ரோட்ட தாண்டுன்னா அதுக்குத் தெரியுமா? தெரியாதத தெரியும்னு எதுக்குப் பொய்ச்சீட்டு?" என்றார். நாங்கள் பேசாமலிருந்தோம்.

அவர் சொன்னதன் ஆழம் பின்னரே எங்களுக்கு விளங்கியது. அமெரிக்காவில் மன ஆறுதலுக்கான விலங்கு என்றொரு வகை இருந்தது. ஒரு கடிதம் இருந்தால் போதும், எந்த விலங்கும் கட்டணமின்றி ஏறலாம் என்ற நிலை வந்தது. 2018 சனவரியில் நியூவார்க்கு விமான நிலையத்துக்கு மயிலோடு வந்த பயணியை நிறுவனம் ஏற்ற மறுத்த செய்தி உலகெங்கும் சிரிப்பாயிற்று. பழக்கமற்ற விலங்குகள் பயணிகளைக் கடித்ததும், உண்மையான பணி நாய்களைத் தாக்கியதும் சிரிப்புக்குரியவை அல்ல. இறுதியில் 2020 திசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. 2021 சனவரி முதல், உடல் அல்லது உளக் குறைபாட்டுக்காகத் தனியே பழக்கப்பட்ட நாயை மட்டுமே பணி விலங்காக ஏற்றால் போதும் என்றாயிற்று. பொய்ச்சான்றின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் மெய்யாகவே கண் தெரியாதவர். அவருடைய நாயைத்தான் எல்லாரும் ஐயத்தோடு பார்ப்பார்கள். அதே விதி, நாயை உரியவரே பழக்கியிருந்தாலும் ஏற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பள்ளி இல்லாத நம் நாட்டுக்கு அந்த வழி பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

ஆக, மணி வளர்ப்பு நாயாகவே போகவேண்டும். இதில் விமானத்தைவிட நோயே பெரிய தடை. வெறிநோய் மிகுந்த நாடுகளின் வரிசையில் நம் நாடு இருப்பதால், ஐரோப்பா நம் நாய்களை எளிதில் நம்புவதில்லை. நம்பாததற்கு அவர்களை நோவானேன்? 1885 சூலையில் லூயி பாசுட்டர், நாய் கடித்த சிறுவனுக்கு முதன்முதல் தடுப்பூசி போட்டது அந்தப் பாரிசு நகரில்தான். 1902இல் தென்னாட்டில் நாய்க்கடிக்கு மருத்துவமின்றி ஓர் ஆங்கிலப் பெண்மணி இறந்ததை அடுத்தே, 1907இல் குன்னூரில் பாசுட்டர் நிலையம் எழுந்தது. நூறாண்டு கடந்தும் நம் தெருக்களில் அந்த நோய் ஒழியவில்லை.

முறை இதுதான். முதலில் அரிசிமணி அளவுள்ள மின் சில்லு ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்தவேண்டும். அதில் பதினைந்து இலக்க எண் இருக்கும். அதன் பிறகே தடுப்பூசி. வரிசை மாறினால் செல்லாது. ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். எதிர்ப்பாற்றல் போதிய அளவு இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். பயணத்துக்குச் சில நாள் முன், சென்னையிலுள்ள மைய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாயைக் காட்டி, உடல்நலச் சான்று பெறவேண்டும். விமானம் மாறும் நாட்டின் விதியும் இதனோடு சேரும். "எனக்கே இத்தனை கடுதாசி இல்லையே" என்று அக்காள் சிரித்தார்.

இவ்விதிகள் இளகியதும் உண்டு. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைனில் போர் மூண்டபோது, நம் மாணவர்கள் சிலர் நாயையும் பூனையையும் விட்டு வர மறுத்தனர். தமிழ்நாட்டு மாணவி ஒருவரும் அவர்களுள் உண்டு. நடுவணரசு அப்போது இறக்குமதி விதியை ஒருமுறை தளர்த்தி அவற்றை வரவிட்டது. போரைக் கடந்து தில்லி வந்திறங்கிய நாயோடு, உள்நாட்டு விமானத்தில் ஏற முடியாமல் மாணவர் தவித்ததும் அப்போதுதான். தேவருலகத் தேரில் நாய்க்கு இடமில்லை என்ற இந்திரனிடம், அப்படியானால் நானும் ஏறேன் என்று தருமர் நின்றுவிட்ட கதையை அந்நாள்களில் பலர் நினைவுகூர்ந்தனர்.

மணிக்கு இடம் விமானத்தின் அடியறையில். "இருட்டா இருக்குமா? மூச்சு முட்டுமா?" என்று அக்காள் எங்களைத் துளைத்தெடுத்தார். உயிர்களை ஏற்றும் அடியறைக்குக் காற்றழுத்தமும் வெப்பமும் மேலறைபோலவே காக்கப்படுகின்றன. தட்டை மூக்கு நாய்களுக்குத்தான் மூச்சுத் திணறல் அச்சம் மிகுதி. பல நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. மணிக்கு நீண்ட மூக்கு! மயக்க மருந்து கொடுக்கலாகாது. கொடுத்தால் உயரத்தில் இதயத்துக்கு ஆபத்து. கூடு, நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் போதியதாக இருக்கவேண்டும். கூட்டுக்கு நாயை முன்கூட்டியே பழக்குவதே எல்லா மருந்திலும் மேலானது என்றார் புதுச்சேரியில் மணிக்கு ஊசி போட்ட மருத்துவர்.

கூடு இப்போது இடையஞ்சாவடி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. முதல் வாரம் மணி அதன் பக்கமே போகவில்லை. அக்காள் அத்தானின் பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே விரித்தார்; சோற்றுத் தட்டை நாளுக்கொரு விரற்கடை உள்ளே தள்ளிவைத்தார். இப்போது இரவில் தானே போய்ப் படுத்துக்கொள்கிறது. கதவை மட்டும் சாத்தவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்து முடிவு வந்துவிட்டது, போதிய ஆற்றல் இருக்கிறதாம். மூன்று மாதம் நிறைய இன்னும் பத்தொன்பது நாள்கள். அக்காள் நாள்காட்டித் தாளைக் கண்ணருகே கொண்டுபோய், நேரே பிடித்துப் பார்த்து, நாள்தோறும் ஒன்றைக் கிழிக்கிறார்.