கஜா கடந்த வழியிலே

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, வடகாடு வழியாகக் கீரமங்கலம் செல்லும் சாலையிலே எங்கள் பயணம் தொடங்கியது. வறண்ட மாவட்டம் என்று பெயர் பெற்ற மண்ணில் இத்துணைப் பசுமையா என வியந்தோம். இருபுறமும் தென்னையும் பலாவும் வாழையும். இடையிடையே மலர்த் தோட்டங்கள். ஆயினும் உற்று நோக்கினால், முதிர்ந்த மரங்களின் நடுவே ஒரே வயதுடைய இளந்தென்னைகள் கூட்டமாய் நிற்பது புலப்படும். அவை கஜா புயலின் சுவடுகள்.

இலங்கை சூட்டிய அப்பெயருக்கு யானை என்பது பொருள். 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய அப்புயல், இத்தோப்புகளையும் மிதித்துச் சென்றது. பிள்ளைகளைப் போல் வளர்த்த மரங்கள் ஓரிரவிலே சாய்ந்தன.

கீரமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலே இளைப்பாறினோம். செம்பில் நீர் கொணர்ந்த மூதாட்டி கூறினார்: "காத்து ஒரு ராத்திரியோட போயிருச்சு, தம்பி. தண்ணிக்குத்தான் நாள்கணக்கா அலைஞ்சோம்."

அச்சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. இப்பகுதியில் நிலத்தடி நீர் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் உள்ளது. மின்கம்பங்கள் வீழ்ந்தன; மோட்டார்கள் நின்றன; மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. ஊரார் பணம் திரட்டி, வாடகைக்கு ஜெனரேட்டர் கொணர்ந்து நீர் இறைத்தனர். இத்தகைய வேளையில் கிடைத்த நீரையெல்லாம் குடித்தால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் தொடரும். சிதறிய தேங்காய் ஓடுகளில் தேங்கும் மழைநீரிலே டெங்குக் கொசு பெருகும். அறுந்த மின்கம்பியோ தொட்டவரைக் கொல்லும். ஜெனரேட்டரை வீட்டினுள் இயக்கினால் அதன் நச்சுப்புகை உறங்குவோரின் உயிரையே பறிக்கும்.

அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம் கடற்கரையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. படகுகள் வரிசையாக நின்றன. எச்சரிக்கை கேட்டதும் கடலுக்குச் செல்லாதிருப்பதும், படகை இறுகக் கட்டுவதும், தாழ்வான இடத்தைவிட்டு அகல்வதும் கரையோர மக்களுக்குப் பழகிய பாடம். உள்நாட்டவரோ, புயல் என்றால் கடலோரத்தார் கவலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை கஜா பொய்யாக்கியது.

ஆகவே வாசகர்களே, ஐப்பசி பிறக்குமுன் நம் இல்லங்களில் சில ஆயத்தங்கள் செய்வோம். மூடியுள்ள பாத்திரங்களில் சில நாள்களுக்குக் குடிநீர் சேமிப்போம். அதைக் கொதிக்கவைத்து ஆற்றியே பருகுவோம். கிணற்று நீராயின், ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துவோம். மருந்து, டார்ச் விளக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைப்போம். தெருவில் தனித்து வாழும் முதியோர் யார், கருவுற்ற தாய்மார் யார் என்பதை முன்னரே அறிந்து வைப்போம்.

கொத்தமங்கலம் இளைஞர்கள் புயலுக்கு மறு ஆண்டிலேயே தங்கள் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர். வீழ்ந்த மரத்துக்கு அழுத கண்கள், அடுத்த மழைக்கு வழி தேடின. அந்த மூதாட்டியின் திண்ணையோரத்திலும் மூடியிட்ட இரண்டு குடங்கள் நிறைந்திருந்தன. "இப்பல்லாம் மழைக்காலத்துல இது காலியா இருக்காது" என்றார். நம் வீட்டுக் குடங்கள் நிறைந்துள்ளனவா?