அடியில் ஒலிக்கும் நாதம்

ஒரு பொருளின் அருமையை அதை விற்ற பின்னரே உணர்ந்தவர்கள் உலகில் பலர். அவர்களுள் நாமும் அடக்கம். நாம் விற்றது நம் பொருளுமன்று. நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு பொருள். அது ஒரு பேஸ் கிட்டார்.

முன்பு நாம் பணியாற்றிய பங்கில், பாடகர் குழுவில் இளைஞன் ஒருவன் இருந்தான். மின்கம்பி வேலை செய்பவன். ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கிவந்தான். மற்றக் கிட்டார்களுக்கு ஆறு தந்திகள், இதற்கு நான்கே. கழுத்து நீளம், தந்திகள் தடிப்பு, எடையும் மிகுதி. கீபோர்டும் தபேலாவும் பாடகர் குரல்களும் நம் காதில் தெளிவாக விழுந்தன. இவன் கருவி மட்டும் விழவே இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டோம்: "தம்பி, இந்தக் கருவி என்னதான் செய்கிறது? நமக்கு ஒன்றும் கேட்கவில்லையே?" அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நான் நிறுத்தினால் உங்களுக்குக் கேட்கும், சாமி."

அவ்வாறே பாட்டின் நடுவில் விரலை எடுத்தான். பாட்டு நிற்கவில்லை, ஆயினும் தரையில் ஊன்றியிருந்த கால் திடீரென்று தண்ணீரில் மிதப்பதுபோல ஒரு தளர்ச்சி. மீண்டும் வாசித்தான், பாட்டுக்கு நிலம் கிடைத்தது. வியந்தோம், பிறகு மறந்தோம்.

சில காலம் சென்றபின் அவனுக்கு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்தது. கருவியைப் பங்கு இல்லத்தில் வைத்துவிட்டுப் போனான். சில மாதங்களில் தொலைபேசியில் அழைத்தான். தாயின் மருத்துவத்திற்குப் பணம் தேவை, கருவியை விற்று அவரிடம் கொடுத்துவிடுமாறு வேண்டினான். முதலில் வந்தவரிடம், அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டோம். பெயரைக்கூடக் கேட்கவில்லை. பணத்தை அன்று மாலையே தாயிடம் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாக உறங்கினோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவன் நம்மைக் காண வந்தான். கருவி என்ன விலைக்குப் போயிற்று என்று அவன் கேட்கவில்லை. "வாங்கினவர் வாசிக்கிறாரா, சாமி?" என்று மட்டும் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. அவன் முகம் வாடியதா, இல்லையா என்பதைப் பார்க்கவும் நமக்குத் துணிவில்லை. அன்றிரவுதான், நாம் விற்றது என்ன என்று அறிய முற்பட்டோம்.

பேஸ் கிட்டார் பிறந்த கதை சுவையானது. முன்னாளில் மேலை இசைக்குழுக்களில் அடிநாதத்தை எழுப்பியது டபுள் பேஸ். ஆளுயரத்திற்கும் மேற்பட்ட மரக்கருவி அது. தூக்கிச் செல்வது துன்பம். முரசுகளும் ஊதுகுழல்களும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடாது. வீணைக்கு உள்ளதுபோன்ற மெட்டுகள் அதற்கில்லை. ஆகவே விரல் இம்மி பிசகினாலும் சுருதி பிசகும். இக்குறைகளைத் தீர்க்க 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட கருவியே உலகெங்கும் சென்றது. மெட்டுகள் பதித்திருந்தமையால் சுருதி துல்லியமாக நின்றது. ஆகவே துல்லியம் என்று பொருள்படும் பிரிசிஷன் என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதுவே அளவு.

ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். கிட்டார் வாசிக்கக் கற்காதவர். வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிப்போர் படும் பாட்டைச் செவிமடுத்தே இக்கருவியைப் படைத்தார் என்பது நம்மை நாணச் செய்தது. நமக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் நாம் செவிமடுக்கவும் இல்லையே!

அதன் இயக்கம் எளிது. தந்திகளுக்கு அடியில் காந்தத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. அடித்தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இத்தகைய மந்தர ஒலி உரத்து எழும்போது, காது மட்டுமன்றி நெஞ்சுக்கூடும் அதை உணர்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலோ இந்நாதம் பெரும்பாலும் மறைந்துபோகிறது. இளையராஜாவின் திரைப்பாடல்களை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நல்ல ஒலிபெருக்கியில் செவிகொடுத்துக் கேட்டபோதுதான், பாடுவோரின் குரலுக்குக் கீழே இன்னொரு பாட்டு நடந்துசெல்வதை அறிந்தோம். அது பேஸ் கிட்டாரின் பாட்டு.

இக்கருவியை வாசித்த பெருங்கலைஞர்களுக்கு மிகவும் உகந்தவையாய் இருந்த கருவிகள் எவை, அவற்றின் தனிச்சிறப்பு என்ன என்று தேடியபோது, மூன்று கருவிகளின் வரலாறு நம்மைப் பற்றிக்கொண்டது. வியப்பு யாதெனில், மூன்றுமே களவு போனவை.

முதலாவது ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், ஒரு வீட்டின் நெருக்கமான அறையில் அமர்ந்து எண்ணற்ற வெற்றிப்பாடல்களுக்கு வாசித்தவர் அவர். கையில் இருந்தது 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். அதைக் கடையில் பார்த்தால் எவரும் ஒதுக்கிவிடுவர். தந்திகள் கழுத்தைவிட்டு மிக உயரத்தில் நின்றன. அழுத்துவதற்கு வலிய விரல்கள் வேண்டும். அறுந்தாலொழிய அவர் தந்திகளை மாற்றுவதில்லை. பழந்தந்தியின் மழுங்கிய, உருண்ட ஒலியே அவருக்கு வேண்டியிருந்தது. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். அக்கருவியின் சிறப்பு தொழிற்சாலையில் பிறந்ததன்று. அது ஒரு மனிதரின் விரலும் பிடிவாதமும் ஆண்டுகள் பலவாக அதில் ஏற்றிவைத்த சிறப்பு.

உலகம் அவருடைய வாசிப்புக்கு ஆடியது. அவர் பெயரை அறியவில்லை. மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறைகளில் இசைக்கலைஞர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. 1971இல் மார்வின் கேயின் புகழ்பெற்ற இசைத்தொகுப்பில்தான் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. 1983 ஆகஸ்டில், 47ஆம் வயதில் அவர் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன்னர் அக்கருவி களவு போயிற்று, திரும்பி வரவில்லை. 2000ஆம் ஆண்டில் ராக் இசையின் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. புகழ் வந்து கதவைத் தட்டியபோது, வீட்டில் கலைஞரும் இல்லை, கருவியும் இல்லை.

இரண்டாவது ஜேக்கோ பாஸ்டோரியஸின் கருவி. பிரிசிஷன் பேஸ் வெளிவந்த அதே 1951இல் பிறந்தவர் இவர். ஃபுளோரிடாவில் வளர்ந்தபோது கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று, பீடச் சிறுவனாகவும் பணிசெய்தவர் என்பதை அறிந்தபோது, நம் பங்குப் பிள்ளைகளின் முகங்கள் கண்முன் வந்தன. இவருடைய கருவி ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ். கழுத்து மெலிந்தது, காந்தச் சுருள்கள் இரண்டு வரிசை. ஆனால் அதில் மெட்டுகள் நீக்கப்பட்டிருந்தன! எந்த மெட்டுகளுக்காக ஃபெண்டர் தம் கருவிக்குத் துல்லியம் என்று பெயரிட்டாரோ, அவை இல்லாத கருவியையே இவர் விரும்பினார். மெட்டு இருந்த பள்ளங்கள் நிரப்பப்பட்டு, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி அதன் மேல் பூசப்பட்டது. அக்கடினமான பரப்பில் விரல் வழுக்கிச் செல்லும்போது, தந்தி மனிதக்குரல்போலக் குழைந்து பாடியது. நம் இசையில் கமகம் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு அது. துல்லியத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு மெட்டிலிருந்து விரலுக்கும் செவிக்கும் மாறியது. வேலியை எடுத்தவன் தானே காவல் நிற்கவேண்டும் அன்றோ?

ஜேக்கோ மனநோயால் மிகவும் துன்புற்றார். 1986இல் நியூயார்க்கில் அவருடைய கருவி களவு போயிற்று. மறு ஆண்டில், ஓர் இசைவிடுதியின் வாயிலில் தாக்கப்பட்டு, 35ஆம் வயதில் உயிர்நீத்தார். கருவியோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹியோ பொருள் கொடுத்து உதவ, அது மீண்டும் அக்குடும்பத்தின் உறவுக்குள் வந்தது. தன் முன்னோடியின் கருவி அந்நியர் பெட்டியில் கிடப்பதைப் பொறுக்காத ஒரு கலைஞரின் செயல் அது.

மூன்றாவது பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசிக்க எவருமே ஆசைப்படவில்லை. வாசித்தவர் விலகவே, அப்பொறுப்பு மெக்கார்ட்னியின் தோளில் விழுந்தது. 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏறத்தாழ 30 பவுண்டுக்கு வயலின் வடிவான அக்கருவியை வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். இருபுறமும் ஒத்த வடிவமாதலால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாய்த் தோன்றாது என்பது அவர் கண்ட சிறப்பு. மற்றொன்று, மலிவு! உள்ளே குடைவாக இருப்பதால் எடை குறைவு. ஒலியோ டபுள் பேஸின் சாயல் கொண்ட மென்மையான ஒலி. 1972இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அது திருடப்பட்டது. பிற்காலத்தில் ஆர்வலர் சிலர் அதைத் தேடிப் பொதுமக்களிடம் விண்ணப்பித்தனர். சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் பரணில் அது கிடைத்தது. உரியவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. அரை நூற்றாண்டு மௌனமாய்க் கிடந்த கருவி!

இம்மூன்றையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தோம். ஒன்றில் பழந்தந்தி, ஒன்றில் மெட்டின்மை, ஒன்றில் மலிவும் வடிவமும். குறை என்று வணிகர் தள்ளக்கூடியவற்றையே அக்கலைஞர்கள் நிறையாக்கிக்கொண்டனர். அவற்றைத் திருடியவர்களுக்குக் கிடைத்தது மரமும் கம்பியும்தான். அவற்றில் ஏறியிருந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. நாம் திருடவில்லை, உரியவன் சொற்படியே விற்றோம். எனினும், மரமும் கம்பியும் என்றே நாமும் விற்றோம் என்பதை மறுக்க இயலவில்லை.

ஆகவே தேடத் தொடங்கினோம். பழைய பங்கின் பாடகர்களிடம் கேட்டோம். பக்கத்து நகரத்து இசைக்கருவிக் கடைக்கு இருமுறை சென்றோம். அடையாளம் ஒன்று இருந்தது: உடற்பகுதியின் கீழ்விளிம்பில், அவன் சூட்டுக்கோலைத் தவறுதலாய் வைத்ததால் விழுந்த கருவடு. சில மாதங்கள் கழித்துக் கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு மெல்லிசைக் குழுவில் அத்தகைய கருவி இருக்கிறதாம்.

திருமண மண்டபம் ஒன்றில் அக்குழுவின் கச்சேரி. அழைப்பில்லாமல் சென்று, பந்திக்குப் போவோர் வரிசைக்கு அருகில் ஓரமாய் நின்றோம். மேடையின் பின்வரிசையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கண்களை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம், முதன்முறையாகக் கேட்கவும் செய்தோம். கச்சேரி முடிந்ததும் மேடையருகே சென்று அந்த வடுவைக் கண்டோம். விவரம் சொன்னபோது அவர் சற்று அஞ்சினார். "திருப்பிக் கேட்கிறீர்களா, ஃபாதர்?" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "உரியவனிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி, அவர் பெயரை இம்முறை மறவாமல் குறித்துக்கொண்டு வந்தோம்.

அன்றிரவே அவனை அழைத்தோம். விலை கொடுத்து மீட்டுத்தரவும் ஆயத்தமாயிருப்பதாகச் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசை இல்லை.

"தந்தியை மாற்றியிருக்கிறாரா, சாமி?"

"தெரியவில்லை, தம்பி."

"எப்படி வாசிக்கிறார்?"

"கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்."

மீண்டும் மௌனம். பிறகு சொன்னான்: "அப்படியானால் அங்கேயே இருக்கட்டும், சாமி. பெட்டிக்குள் கிடப்பதைவிட அது நல்லது. நான் ஊருக்கு வரும்போது ஒரு பாட்டு வாசிக்கத் தருவாரா என்று மட்டும் கேளுங்கள்."

கேட்டோம். தருவதாகச் சொல்லியிருக்கிறார்.