ஓட்டக்காரன் வயித்துல ஒரு குடித்தனக்காரன்

2015 ஏப்ரல் மாசம். பாஸ்டன் மாரத்தான் நடக்குது, 42.195 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியிலிருந்து ஒரு வாரம் பின்னாடி வரைக்கும் ஜொனாதன் ஷைமன்னு ஒரு ஆராய்ச்சியாளர் காரை எடுத்துக்கிட்டு ஊரைச் சுத்திக்கிட்டே இருந்தார். எதுக்குங்கறீங்க? ஓடுறவங்ககிட்ட இருந்து மல சாம்பிள் வாங்க! சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கணும், இந்தப் பதிவு முழுக்க மேட்டர் இதேதான்.

மனுஷர் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் என்ற பெரிய மரபணு விஞ்ஞானியின் லேபில் இருந்தவர். 15 ஓட்டக்காரங்க, ஒப்பிட்டுப் பாக்க சும்மா உக்காந்தே இருக்கிற 10 பேர் (நம்ம ஆளுங்க!). சாம்பிள் எல்லாத்தையும் சீக்வென்ஸ் பண்ணிப் பார்த்ததுல, வெய்லோனெல்லாங்கிற ஒரு பாக்டீரியா வகை ஓட்டம் முடிஞ்ச கையோட எண்ணிக்கையில எகிறியிருந்தது.

அது என்ன வெய்லோனெல்லா? நம்ம வாயிலயும் பல்லு இடுக்குலயும்கூட இருக்கிற சாதாரண ஜீவன்தான். ஆனா அதுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். சர்க்கரையைச் சீண்டாது. லாக்டேட்தான் அதுக்குச் சோறு.

இந்த லாக்டேட் பாவப்பட்ட பிறவிங்க. ஓடும்போது தசையில 'லாக்டிக் ஆசிட்' சேர்ந்துடும், அதனாலதான் கால் எரியுது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியலைன்னு பல வருஷமா சொல்லிக் கொடுத்தாங்க. கழிவுன்னு முத்திரை குத்தியாச்சு. கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் புரூக்ஸ் 1980கள்ல இருந்தே, 'அய்யா அது கழிவு இல்ல, எரிபொருள். ஒரு தசை தயாரிச்சதை இன்னொரு தசையும் இதயமும் எடுத்து எரிக்குது'ன்னு சொல்லிக்கிட்டு வந்தார். மறுநாள் வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஓடி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே ரத்தத்துல அளவு இறங்கிடும். ஆனாலும் ஜிம்முல இன்னைக்கும் 'லாக்டிக் ஆசிட் சேந்துடுச்சு பாஸ்'னு சொல்ற ஆள் இருக்காரே! கார்பேஜ்னு நினைச்சு டெலீட் பண்ணப்போற டேபிளை இன்னொரு டீம் ஓசைப்படாம யூஸ் பண்ணிக்கிட்டிருக்கிற கதைதான்.

சரி, ஓட்டக்காரங்க வயித்துல இந்தப் பாக்டீரியா கூடுதுன்னா அதனால என்ன? ஓடினதால அது வந்துதா, அது இருக்கிறதால ஓடுறாங்களா? இங்கதான் எனக்கு இந்த ஆராய்ச்சி மேல மரியாதை வந்தது. ஒரு ஓட்டக்காரரோட சாம்பிள்ல இருந்து வெய்லோனெல்லா அடிபிகாங்கிற இனத்தைப் பிரிச்செடுத்து எலிகளுக்குக் கொடுத்தாங்க. இன்னொரு கூட்டத்துக்கு லாக்டேட்டைச் சாப்பிடாத ஒரு பாக்டீரியா. அது யார் தெரியுமா? லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ், யோகர்ட்டை உறைய வைக்கிற ஆசாமி! அப்புறம் ரெண்டு கூட்டத்தையும் மாத்திப்போட்டு மறுபடி டெஸ்ட். டிரெட்மில்லுல எலி களைச்சு விழுற வரைக்கும் ஓட விட்டா, வெய்லோனெல்லா எலிங்க சராசரியா 13 சதவீதம் அதிக நேரம் ஓடிச்சு. தயிர்சாத கோஷ்டிக்கு இது கொஞ்சம் வருத்தமான சேதிதான்.

இது வரைக்கும் கேட்டா எல்லாரும் சொல்ற விளக்கம் என்ன? 'லாக்டேட்டை அது தின்னுடுது, கழிவு குறையுது, அதனால களைப்பு வரலை.' நானும் அப்படித்தான் இருக்கும்னு எதிர்பார்த்து மேல படிச்சேன். ஆனா அளந்து பார்த்தா ரத்தத்துல லாக்டேட் காலியாகிற வேகத்துல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஈரலும் தசையும் பண்ற வேலைக்கு முன்னாடி இந்தச் சின்ன பாக்டீரியா எம்மாத்திரம்? அப்போ வேற எங்கயோ இருக்கு சூட்சுமம். ரத்தத்துல லேபிள் ஒட்டின லாக்டேட்டை ஏத்திப் பார்த்தாங்க, அது ரத்தத்துல இருந்து குடலுக்குள்ள கசிஞ்சு போகுது. அங்க வெய்லோனெல்லா அதைத் தின்னுட்டு புரோப்பியோனேட்டுங்கிற குட்டி கொழுப்பு அமிலமா வெளிய தள்ளுது. கடைசியா பாக்டீரியாவே இல்லாம வெறும் புரோப்பியோனேட்டை மட்டும் எலிக்குப் பின்பக்கமா எனிமா மாதிரி கொடுத்தாங்க (பாவம் எலி). அப்பவும் ஓடுற நேரம் கூடுச்சு! முதல்ல தோணுற விளக்கத்தோட நிக்காம இப்படி ஒவ்வொரு லேயரா இறங்கி டீபக் பண்றவங்களைப் பார்த்தா எங்க டீம்ல சேத்துக்கலாம்னு தோணுது. 2019ல 'நேச்சர் மெடிசின்' இதழ்ல இதெல்லாம் வந்தது.

ஷைமனும் கூட்டாளிகளும் இதை வெச்சு ஒரு கம்பெனியும் ஆரம்பிச்சுட்டாங்க. ஃபிட்பயாமிக்ஸ்னு பேரு, காப்ஸ்யூல் விக்கிறாங்க. எங்க ஆபீஸ் ஓட்டக் குழுவுல ஒருத்தன் அந்த லிங்க்கைப் போட்டு, "மச்சி 13 பர்சென்ட்டாம்டா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆர்டர் பண்ணலாமா? ஷிப்பிங் பாதியாயிடும்"னான். அவனுக்கு டிசம்பர்ல 21 கிலோமீட்டர் ஓடணும். எனக்கும்தான். எனக்கு 14வது கிலோமீட்டர்ல உடம்பு 'போதும் ராசா'ங்குது. ஆசை யாரை விட்டுது?

ஆனா கொஞ்சம் யோசிங்க. அந்த 13 எலியோட 13, மனுஷனோடது இல்ல. அதைவிட முக்கியம், இந்தக் குடித்தனக்காரனுக்குச் சாப்பாடு லாக்டேட். லாக்டேட் எங்கேர்ந்து வருது? நாம ஓடினாத்தான் இப்படிப் பொங்கி வருது. ஓடாத வயித்துல கொண்டுபோய் இறக்கினா அவன் என்னத்தைத் தின்னுவான்?

என்னை நிஜமா தொந்தரவு பண்ணினது இன்னொரு ஆராய்ச்சி. 2022 டிசம்பர்ல 'நேச்சர்'ல வந்தது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கிறிஸ்டோஃப் தைஸ் குழுவோடது. கிட்டத்தட்ட 200 எலிகள். எது நல்லா ஓடுது, எது ஓடலை, ஏன்னு பார்த்தா மரபணு ரொம்பக் கொஞ்சம்தான் காரணம், குடல் பாக்டீரியாதான் பெரிய பங்கு. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவை ஒழிச்சா எலி ஓடுறதைக் குறைச்சிடுது. காரணம் தசை இல்லை, மூளை. சில பாக்டீரியா தயாரிக்கிற கொழுப்பு அமில அமைடுங்க குடல்ல இருக்கிற நரம்பைத் தட்ட, அது மூளைக்குத் தந்தி அடிக்க, ஓடும்போது டோபமின் அதிகமா நிக்குது. அதாவது ஓடுறதுல ஒரு சுகம். பாக்டீரியா இல்லேன்னா அந்தச் சுகம் கம்மி.

காலையில அஞ்சரைக்கு எழுந்து ஓடாதவனை எங்க வீட்டுல ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிடுவாங்க: சோம்பேறி. என் தம்பி அந்தப் பட்டத்தோடயே வளர்ந்தவன். நான் 'மன உறுதி' உள்ள பையன், அவன் 'எதுக்கும் லாயக்கில்லாதவன்'. ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னவங்க. ஆனா அவனுக்குச் சின்ன வயசுல அடிக்கடி உடம்பு சரியில்லாம மாசக்கணக்குல மருந்து. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட நான் டாக்டர் இல்ல, எலியை வெச்சு தம்பியைப் பத்தித் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆனா ஓடும்போது எனக்குக் கிடைக்கிற அந்தக் குஷி அவனுக்குக் கிடைக்கவே இல்லைன்னா, அவன் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டரும் என்னோடதைவிட விலை அதிகம் இல்லையா? போன வாரம் போன்ல அவன்கிட்ட இதைச் சொன்னேன். "அப்பாகிட்ட இதை பிரிண்ட் எடுத்துக் கொடு"ன்னு சிரிச்சான்.

குழு நண்பன் தனியாவே ஆர்டர் போட்டுட்டான். வந்து சேர மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை 16 கிலோமீட்டர் ஓட வர்றியாடான்னு கேட்டேன். மெசேஜுக்கு ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதிலைக் காணோம்.