முதல்ல ஓட்டையைப் பாருங்க, அப்புறம் டயரை வாங்குங்க

உங்கள்ல எத்தனை பேர் காலேஜுக்கு சைக்கிள்ல வர்றீங்க? நம்ம ஸ்டாண்டைப் பார்த்தா ரொம்பக் கம்மி. ஏன் விட்டீங்கன்னு கேட்டா வெயில், மழை, லாரின்னு வரிசையா காரணம் வரும். கொஞ்சம் கிளறினா கடைசியில் வருவது ஒரே வார்த்தை: பஞ்சர். அதுக்காக சைக்கிளையே விட வேண்டியதில்லை, டயரைச் சரியாத் தேர்ந்தெடுத்தா போதும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் நிலைமையைச் சுருக்கமா சொல்லிடறேன். வீடு முடிச்சூர் பக்கம். ரயில் பாதையைத் தாண்டி கிழக்குத் தாம்பரம் வந்து, கேம்ப் ரோடு வழியா காலேஜ். ஒரு வழிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். இரண்டாம் வருஷம் தொடங்கும்போது வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். எனக்கு காலேஜ் பஸ் வேண்டாம், அந்தப் பணம் தங்கச்சியோட ப்ளஸ் டூ டியூஷனுக்கு. ஒரு சீனியர் அண்ணாகிட்ட கியர் இல்லாத செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினேன். டயர் 700×28, ஒல்லியா பார்க்க அழகா இருக்கும்.

அந்த செமஸ்டரில் 9 பஞ்சர். ஒவ்வொன்றும் முதல் பீரியட் அட்டெண்டன்ஸைத் தின்றது. 75 சதவீதத்துக்குக் கீழே போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். "பேசாம பஸ்ஸுக்கே கட்டிடலாம்டா"ன்னு அம்மா சொல்ல ஆரம்பிச்சாங்க. கட்டினா டியூஷன் நிற்கும். அதனால் எனக்கு இந்த டயர் விஷயம் வெறும் சைக்கிள் ஆர்வம் இல்லை.

வழி காட்டியவர் எங்க தெரு முனையில் இருக்கிற பஞ்சர் கடை அண்ணா. ட்யூபைத் தண்ணியில் முக்கி குமிழி வர்ற இடத்தைக் காட்டி, "தம்பி, இது முள்ளு குத்துனது இல்ல. ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருக்கு பாரு. பள்ளத்துல ரிம்மு அடிச்சிருக்கு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பஞ்சருக்கும் காரணத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பஞ்சரில் முக்கியமா ரெண்டு வகை. முதல் வகை, வெளியிலிருந்து குத்துவது. சீமைக்கருவேல முள், நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு எல்லாம் இதில் சேரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னொன்றும் உண்டு. லாரி டயர் வெடித்தால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகள் ரோட்டோரம் சிதறிக் கிடக்கும். முடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இந்த வகையில் ட்யூபில் ஒரே ஓட்டைதான் இருக்கும்.

இரண்டாவது வகை, டயர் அமுங்கி ட்யூப் நசுங்குவது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ட்யூப் மாட்டிக்கொள்ளும். ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் விழும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணி நிற்கும்போது விளிம்பு தெரியாது. அப்போதுதான் இது அதிகம்.

நோய் ரெண்டு, மருந்தும் ரெண்டு. நசுங்குவதற்கு மருந்து அகலமான டயர். குத்துவதற்கு மருந்து, ஓடும் பரப்புக்கு அடியில் பாதுகாப்புப் படலம் வைத்த டயர். வெறும் அகலம் கம்பியைத் தடுக்காது. வெறும் படலம் பள்ளத்தில் உதவாது.

அகலம் ஏன் உதவுதுன்னு ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 83 கிலோ, அதில் பின் சக்கரத்தில் 50 கிலோன்னு வைங்க. 80 பிஎஸ்ஐ காற்றுன்னா ரோட்டைத் தொடும் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. 50 பிஎஸ்ஐன்னா சுமார் 14. ஒல்லி டயரில் 50 வைத்தால் ரிம் அடிக்கும். அகல டயரில் காற்றுக்கு இடமும் உயரமும் அதிகம், அதனால் அதே 50 தாங்கும், முதுகுக்கும் சுகம். "அகலம்னா மெதுவாப் போகும்" என்பதையும் அப்படியே நம்பாதீங்க. ஒரே அழுத்தத்தில் அகல டயர் தரையில் படும் இடம் நீளம் குறைந்ததா இருக்கும், டயர் வளைவதும் குறைவு. நம்ம ரோடு கண்ணாடி மாதிரியும் இல்லை.

கடைக்குப் போகும் முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிங்க. "26 இன்ச் டயர் குடுங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. 26×1⅜ போடும் ரிம் 590 மி.மீ., 26×1.75 போடும் ரிம் 559 மி.மீ. ஒன்றுக்கு ஒன்று ஏறாது. தாத்தா காலத்துக் கருப்பு சைக்கிளின் 28×1½ என்பது 635. என்னுடைய 700 என்பது 622. பக்கவாட்டில் "37-622" மாதிரி ஒரு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம் அளவு. ரெண்டாவது எண் மாறவே கூடாது.

அடுத்து இடம் இருக்கான்னு பாருங்க. ஃபோர்க், ஃப்ரேம், பிரேக், மட்கார்டு எல்லாத்துக்கும் டயருக்கும் நடுவில் குறைந்தது 4, 5 மி.மீ. வேணும். சக்கரம் கொஞ்சம் கோணினாலும் உரசக் கூடாது. என் சைக்கிளில் 35 வரைதான் இடம். 38 வாங்க ஆசை இருந்தும் 35 வாங்கினேன், படலம் வைத்தது.

பாதகமும் சொல்லணும். டயர் கனம், கிளம்பும்போது தெரியும். சக்கரத்தின் விட்டமும் 678 மி.மீ.லிருந்து 692 ஆகுது, அதாவது சுமார் 2 சதவீதம். கியர் இல்லாத சைக்கிளில் அந்த அளவுக்கு மிதி கனமாகும், மேம்பாலம் ஏறும்போது தொடை சொல்லும். ரொம்பக் கஷ்டம்னா பின்னாடி ரெண்டு பல் அதிகமுள்ள ஃப்ரீவீல் மாற்றிக்கலாம். விலையும் சாதா டயரைவிட அதிகம். காசு ஒன்றுக்குத்தான் இருக்குன்னா பின் சக்கரத்துக்குப் போடுங்க, பாரம் அங்கேதான்.

டயர் மாற்ற முடியாதவங்களுக்கு: டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைக்கும் பட்டை கிடைக்குது. குத்துவதைத் தடுக்கும், ஆனா அதன் முனை ட்யூபை உரசாம பார்த்துக்கணும். காற்றே இல்லாத கெட்டி டயர் பஞ்சர் ஆகாதுதான், ஆனா ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுக்கு வரும். 1888ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்ததே அந்தக் குலுக்கலுக்காகத்தான்.

எந்த டயர் போட்டாலும் வாரம் ஒரு முறை காற்று அடிங்க. அப்படியே டயரைச் சுற்றிப் பார்த்து, மாட்டியிருக்கும் கண்ணாடி, கம்பியை எடுத்துடுங்க. இன்று சும்மா ஒட்டியிருப்பது அடுத்த வாரம் உள்ளே இறங்கும்.

டயர் மாற்றி ரெண்டு செமஸ்டர் ஆச்சு. இதுவரை ஒரே ஒரு பஞ்சர், அதுவும் ஒரு ஆணி. ஆணிக்கு எந்தப் படலமும் பதில் சொல்லாது. அட்டெண்டன்ஸ் 80க்கு மேல் நிற்குது. தங்கச்சி டியூஷன் முடிச்சு பரீட்சை எழுதிட்டா, இப்போ கவுன்சலிங்குக்குக் காத்திருக்கா. வீட்டு வராந்தாவில் துருப்பிடிச்சு நிற்கும் உங்க சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்க. டயரில் இருக்கும் எண்ணைப் படிங்க, ஃப்ரேமில் இடம் அளங்க. கடைசியா ஆன பஞ்சரில் ஓட்டை ஒன்றா ரெண்டான்னு ட்யூபைப் பாருங்க. கடையில் எந்த டயர் கேட்கணும்னு அதுவே சொல்லிடும்.